செவ்வாய்க்கிழமை வந்த அறிவிப்பு

முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே சின்ன 'ர' வரும், எங்கே பெரிய 'ற' வரும் என்று இந்த வயதிலும் தடுமாறுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துப் புலத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்காக மாதாமாதம் ஒரு செய்தி மடல் வருகிறது. யாருக்கு என்ன உதவித்தொகை கிடைத்தது, எங்கே கருத்தரங்கு, யாருக்கு வாய்மொழித் தேர்வு என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்தத் தடவை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களும் தங்களுக்கு நினைவில் நிற்கும் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அதைத் தொகுக்கும் மாணவி கேட்டார். எனக்குப் பேசவே கூச்சம். எழுதுவது அதைவிடக் கூச்சம். எழுத்துப் பிழைகளை அந்த மாணவி திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடியே விட்டுவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக அறிவிப்புப் பலகையில் தாள் குத்துகிறேன். ஒட்டுவது என்றுதான் சொல்கிறோம், ஆனால் குத்துவது குண்டூசியில். அத்தனை தாள்களில் கண்ணை மூடினாலும் தெரிகிற தாள் ஒன்றே ஒன்றுதான். இளமஞ்சள் நிறம். மேலே பல்கலைக்கழக முத்திரை, கீழே டீன் ஐயாவின் பச்சை மைக் கையெழுத்து. 'முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு. அனைவரும் வரலாம்' என்று போட்டிருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்பு, பங்குனி மாதத்து வெயிலில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு அது என் கைக்கு வந்தது. கசங்காமல் ஓர் அட்டைக்குள் வைத்து, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். பூட்டும்போது அந்தத் தாளுக்குரியவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஏன் பூட்டினேன் என்று சொல்வதற்கு முன் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆசாரிக் குடும்பம். காரைக்குடியைச் சுற்றிலும் வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்தவர் அப்பா. நானும் உடைந்த பெஞ்சுகளைச் செப்பனிடத்தான் தினக்கூலியாகப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தேன். பிறகு அலுவலக உதவியாளர் ஆனேன். பலகை என் பொறுப்புக்கு வந்தபோது சந்தோஷப்பட்டேன். யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை அது. படிக்கட்டுக்கு எதிரே, ஆறடி நீளம், கண்ணாடிக் கதவு, ஒரே சாவி. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதிகளை இடப்பக்கம் மேல் வரிசையில் வைப்பேன். கருத்தரங்கும் சொற்பொழிவும் நடுவில். விடுதி, நூலகச் செய்திகள் கீழே. வாய்மொழித் தேர்வு மட்டும் வலப்பக்கம் தனியாக, ஆள் நின்றால் கண்ணுக்கு நேராக. ஒரு கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தத் தாளில் சிவப்புக் குண்டூசி ஒன்றைக் கூடுதலாகக் குத்துவேன். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. இருந்தும் சிவப்பைப் பார்த்ததும் மாணவர்கள் படியில் தடதடவென்று இறங்கி ஓடுவார்கள். முடிந்துபோன தாளை அன்று சாயங்காலமே எடுத்துவிடுவேன்.

எனக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. கட்டணம் கட்டக் கடைசி நாள், விடுதி மூடல் மாதிரி அறிவிப்புகளுக்கு நான் நேரம் காலம் பார்ப்பதில்லை. வாய்மொழித் தேர்வு அப்படியல்ல என்று பட்டது. ஐந்தாறு வருஷம் ஒருவர் பாடுபட்டுக் கட்டிய வீட்டுக்கு நிலை வைக்கிற மாதிரி அது. என் அப்பா செவ்வாய்க்கிழமையில் நிலை வைக்க மாட்டார். ராகு காலத்தில் யார் சொன்னாலும் நிலையைத் தூக்கி நிறுத்த மாட்டார். நானும் அந்தத் தாள்களை ராகு காலத்தில் குத்த மாட்டேன். செவ்வாயில் வந்தால் புதன் காலையில் குத்துவேன். பதிவேட்டில் மட்டும் தாள் கைக்கு வந்த உடனேயே 'ஒட்டப்பட்டது' என்று அன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டுவிடுவேன். சாயங்காலம் பிரிவு அலுவலகத்திலிருந்து பதிவேட்டைக் கேட்பார்கள் என்பதால் வந்த பழக்கம். தேர்வுக்கு முன் பதினைந்து முழு நாள் அறிவிப்பு பலகையில் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் இருபது நாளுக்கு முன்பே தாள் வந்துவிடும். அதனால் ஒரு நாள் முன்பின் ஆனதில் இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியவும் தெரியாது.

அந்த மஞ்சள் தாளில் பெயர் இருந்தவரை நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். ஒக்கூர்ப் பக்கத்துக்காரர். தனியார் பள்ளியில் பதினோரு வருஷம் வரலாறு நடத்திவிட்டு, தலையில் நரை தெரிகிற வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மகள் பத்தாம் வகுப்பு. இரண்டு பஸ் மாறி வந்து இறங்குவார். முதலில் பலகை முன்னால் நின்று ஒரு தாள் விடாமல் படிப்பார். தனக்குச் சம்பந்தமே இல்லாததையும் படிப்பார். "அண்ணே, பெல்ஜியத்துல ஒரு கருத்தரங்காம். போயிட்டுச் சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸுக்கு வந்துரலாமா?" என்பார். நான் சிரிப்பேன். பதில் வராது. பதிலுக்காக அவர் காத்திருந்ததும் இல்லை. என்னைப் போன்றவனோடு பேச அப்படிப்பட்டவர்களால்தான் முடியும்.

அவருடைய ஆராய்ச்சி கண்மாய்களைப் பற்றியது. எந்த வருஷம் எந்த நாளில் மடை திறந்தார்கள், யார் வயலுக்குத் தண்ணீர் முதலில் போயிற்று என்பது. ஊர்க் கண்மாய்க் கமிட்டிகளின் பழைய பதிவேடுகளைத் தேடிச் சேர்த்து, நகல் எடுத்து, துணிப்பையில் கட்டிக் கொண்டுவருவார். வெளியே போகும்போது அந்தப் பையை என் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கத்தைக் காட்டினார். "இங்குட்டு வந்து பாருங்கண்ணே. ஆடியில இருந்து தை வரைக்கும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே கை. ஏழு மாசத்துத் தேதியையும் ஒரே நாள்ல உக்காந்து எழுதிருக்காக. எழுதுன ஆளுக்குக் கடைசில கை வலிச்சிருக்கு, பாருங்க, எழுத்து சரியிது." பார்த்தேன். உண்மைதான். கடைசி வரிகள் எல்லாம் பள்ளத்தை நோக்கிப் போயின. "அப்ப நிசமாத் தொறந்த தேதிய எப்படிக் கண்டுபிடிப்பீக?" என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதத்தான் அஞ்சு வருசமாத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

தாளைப் பூட்டியதும் மறுநாள் புதன் காலையில் குத்தியதும் அப்படியே மறந்துபோயிற்று. அடுத்த வாரமும் போய், தேர்வு நடக்கவேண்டிய வாரத்தின் திங்கட்கிழமை வந்தது. காலையில் பிரிவு அலுவலகத்துச் சூப்பிரண்டு அம்மா என்னைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை டீச்சருக்குத் தேர்வு. நாற்காலியெல்லாம் பாத்துப் போட்டுருங்க. நல்லவேளைங்க, அந்த நோட்டீசச் செவ்வாய்க்கிழமையே ஒட்டுனீக. வெளித் தேர்வாளரு அறிக்கை லேட்டா வந்ததால விரல் விட்டு எண்ணித்தான் நாள் வச்சோம். சரியாப் பதினஞ்சு. ஒரு நாள் பெசகியிருந்தா அம்புட்டுத்தான்." பிறகு ஏன் அவ்வளவு அவசரம் என்பதையும் அவரே சொன்னார். அரசுக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு டீச்சர் தேர்வாகியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அன்றைக்கு முனைவர் பட்டத்தின் தற்காலிகச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். டீச்சருக்கு வயது வரம்பு தாண்டப் போகிறது. மறுபடி வாய்ப்பு கிடையாது.

நான் குத்தியது புதன்கிழமை. வேறொரு துறையில் அறிவிப்பு நாள் குறைந்தது என்று யாரோ எழுதிப்போட்டு, நடந்து முடிந்த தேர்வு செல்லாது என்று ஆனதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு மறுபடி தேர்வு நடந்து முடிய எட்டு மாதம் ஆயிற்று. இங்கே இன்னொரு ஆபத்தும் இருந்தது. ஆராய்ச்சி மாணவர்களில் ஒருவர் தினமும் சாயங்காலம் பலகையை அப்படியே போனில் படம் பிடித்து அவர்களுடைய குழுவில் போடுவார். ஊரில் இருக்கும் மாணவர்களும் செய்தியைத் தெரிந்துகொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம். செவ்வாய்க்கிழமைச் சாயங்காலத்துப் படத்தில் அந்த மஞ்சள் தாள் இருக்காது. என் பதிவேட்டில் இருக்கும்.

டீச்சர் வாசிப்பறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை பேசப்போவதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கூப்பிட்டேன். நான் கூப்பிடுவதே அதிசயம் என்பதால் சிரித்துக்கொண்டே வந்தார். சொன்னேன். செவ்வாய், ராகு காலம், இழுப்பறை, புதன் காலை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் விரல்களை மடக்கி எண்ணினார். திரும்ப எண்ணினார். "பதினாலு. எப்படி எண்ணுனாலும் பதினாலுதான் வருது" என்றார். அப்புறம்தான் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை. "எனக்கு நல்ல நேரம் பாக்கச் சொல்லி உங்கள யாரு கேட்டாண்ணே?"

"பதிவேட்டுல செவ்வாய்னுதான் இருக்கு டீச்சர். வாயத் தொறக்காதீகன்னு நீங்க சொன்னா நான் தொறக்கல" என்றேன். அது அவருடைய பிழைப்பு. முடிவும் அவருடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், என் பாரத்தை அவர் தலையில் இறக்கிவைத்த மாதிரியும் இருக்கிறது. "ஒரு அரை மணி நேரம் என்னையத் தனியா விடுங்க" என்று உள்ளே போய்விட்டார். நான் பலகை முன்னால் போய் நின்றேன். கண்ணாடியைத் திறந்தேன், மூடினேன். அரை மணி நேரம் முக்கால் மணி ஆயிற்று. அழுதிருக்கிறார் என்பது வெளியே வந்தபோது தெரிந்தது. முகத்தைக் கழுவியிருந்தார். "வாங்க, டீன் சார் ரூமுக்குப் போவோம்" என்றார்.

டீன் ஐயாதான் டீச்சருக்கு ஆராய்ச்சி வழிகாட்டியும். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். சூப்பிரண்டு அம்மாவை வரச்சொன்னார். அந்த அம்மா நல்ல மனசுக்காரர். எப்படியாவது டீச்சரைக் கரையேற்ற வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். "ஐயா, பதிவேட்டுல செவ்வாய்னு தெளிவா இருக்கு. கையெழுத்தும் இருக்கு. நம்ம நாலு பேரத் தவிர யாருக்குந் தெரியாது. அப்படியே விட்டுருவோம்யா" என்றார். குழுவில் போட்ட படத்தைப் பற்றி நான் முணுமுணுத்தேன். "அட, நீங்க சும்மா இருங்க. அந்தப் போட்டோவ எவன் போயித் தேடப்போறான்?"

டீச்சர் சொன்னார்: "அறுபது வருசத்துக்கு முந்துன பதிவேட்டையே நான் போயித் தேடுனேன்ல மேடம்?"

டீச்சரே தொடர்ந்தார். "பொய்த் தேதி எழுதுனவுகளப் பத்தி முந்நூறு பக்கம் எழுதி வச்சிருக்கேன். அதுக்குப் பட்டம் வாங்க ஒரு பொய்த் தேதியா? எனக்கு வேலை வேணும் மேடம். ரொம்ப வேணும். ஆனா இப்படி வாங்குனா நாளைக்கு எவனாவது கேப்பானோன்னு பயந்துகிட்டே பாடம் நடத்தணும்." டீன் ஐயா முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சூப்பிரண்டு அம்மா விடவில்லை. தேதியை மாற்றினால் புது அறிவிப்பு, அதற்குத் திரும்பவும் பதினைந்து நாள் என்றார். விதிப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்கள். நான்தான் ஓடினேன். அறிவித்த நாளைக் காரணம் எழுதிப் பின்னுக்குத் தள்ளிவைக்க டீனுக்கு அதிகாரம் உண்டு, முன்னுக்கு இழுக்கத்தான் கிடையாது என்று அதில் இருந்தது. வியாழன் தேர்வு வெள்ளிக்கிழமைக்குப் போனால் பதினைந்து நாள் முழுதாகிவிடும். ஆனால் சனியும் ஞாயிறும் விடுமுறை. வெள்ளிக்கிழமை தேர்வு முடிந்து, அன்று சாயங்காலத்துக்குள் சான்றிதழ் கைக்கு வந்தாக வேண்டும். சாதாரணமாக அந்தக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து முடிய நாலு நாள் ஆகும்.

தேர்வாளர் கேரளத்துப் பேராசிரியர். டீன் ஐயா போனில் பேசியபோது அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சந்தோஷமாக ஒப்புக்கொண்டாராம். போனை வைத்துவிட்டு டீன் ஐயா என் பக்கம் திரும்பினார். "நேரம் பாக்குறதெல்லாம் உம்ம வீட்டுக்கு வச்சுக்கிரும். பலகை பல்கலைக்கழகத்தோடது. நடந்தத உம்ம கையாலயே எழுதிக் குடும். பதிவேட்டுலயும் திருத்திக் கையெழுத்துப் போடும்." என் வாழ்க்கையில் அதற்கு முன் நான் கடிதம் எழுதியதில்லை. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'அறிவிப்பை நான் செவ்வாய்க்கிழமை ஒட்டவில்லை. புதன்கிழமை காலைதான் ஒட்டினேன். ராகு காலம் என்று காத்திருந்தேன். என் தப்பு.' காரணம் தெரிய வேண்டும் என்று அதையே டீச்சரின் தேர்வுக் கோப்பில் முதல் தாளாக வைத்துவிட்டார்கள்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் டீச்சர் என்னோடு பேசவில்லை. பலகை முன்னால் வந்து நின்று படித்துவிட்டுப் போனார். ஒதுக்கியதற்கு நான் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. தேர்வு காலை பத்தரைக்கு. நாற்காலி போட்டு, தண்ணீர் வைத்து, டீக்குச் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றேன். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை வெள்ளிக்கிழமை ராகு காலம். எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. டீன் ஐயா கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார். டீச்சர் எழுந்து நின்றார். கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "ஆரம்பிக்கலாம் சார். அண்ணே, நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. எல்லாரும் வரலாம்னு நீங்கதான ஒட்டிருக்கீக?" கடைசி வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். நூற்றுக்கணக்கான அறிவிப்புகளைக் குத்தியவன், ஒரு தேர்வுக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. ஒன்று புரிந்தது. மடை திறந்த தேதிகள் பொய் என்றால் மெய்யான தேதியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேரளத்துப் பேராசிரியர் கேட்டார். டீச்சர் சொன்ன பதில் இதுதான்: கண்மாய்க்கரைப் பள்ளிக்கூடங்களின் பழைய வருகைப் பதிவேடுகளைத் தேடிப் பிடித்தாராம். மடை திறந்த அன்று வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். வாய்க்காலில் வரும் புதுத் தண்ணீரையும் மீனையும் விட்டுவிட்டு எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்? வாத்தியார் அன்றைக்கன்றே போட்ட அந்த வராதவர் கணக்கைக் கண்மாய்க் கமிட்டியின் தேதியோடு ஒப்பிட்டாராம். ஒவ்வொரு வருஷமும் எட்டு நாள், பத்து நாள் வித்தியாசம். அறையில் இருந்த எல்லாரையும் முந்திக்கொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகவும் அப்படி எத்தனை நாள் விழுந்திருக்கும் என்று எனக்கல்லவா தெரியும்.

பன்னிரண்டே காலுக்குத் தேர்வாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடினார்கள். பட்டம் வழங்கலாம் என்று எழுதியிருந்தது. டீன் ஐயா அதை என் கையில் கொடுத்தார். எனக்குப் படிப்பு கிடையாது, ஆனால் எந்த மேசையில் யார் எத்தனை மணிக்கு இருப்பார்கள் என்பது கையில் இருக்கும் ரேகை மாதிரி தெரியும். தேர்வுப் பிரிவு உதவியாளர் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் இரண்டரைக்குத்தான் வருவார் என்பதால் அவரிடம் முதலில் ஓடினேன். பிரிவு அலுவலர் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பள்ளிவாசல் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று, அவர் செருப்பைப் போட்டதும் கூடவே நடந்து வந்தேன். சாயங்காலம் நாலரைக்கு மேல் முத்திரை அறையைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், இன்றைக்குக் கொஞ்சம் காத்திருக்கும்படி அங்கே முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

மேசைக்கு மேசை கோப்பைத் திறந்ததும் முதலில் இருந்தது என் கடிதம். எல்லாரும் அதைப் படித்தார்கள். சிலர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுப் படித்தார்கள். நான் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மூன்றே கால் மணிக்குப் போனேன். அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஆசாரியாரே, வெள்ளிக்கிழமை மூணுல இருந்து நாலரை எமகண்டம். நான் கையெழுத்துப் போடலாமா, கூடாதா? நீங்கதான் சொல்லணும்." சுற்றிலும் சிரிப்பு. மற்ற நாளாக இருந்தால் அங்கேயே ஒடுங்கிப்போயிருப்பேன். "போடுங்க சார். எமனுக்கும் ஒரு விளக்கக் கடிதம் நானே எழுதிக் குடுத்துக்கிறேன்" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அவர் கையெழுத்துப் போட்டு, கோப்பை அடுத்த மேசைக்குத் தானே எழுந்து போய்க் கொடுத்தார்.

ஐந்தேகாலுக்குச் சான்றிதழ் கையில் வந்தது. முத்திரை ஈரம் காயவில்லை. டீச்சர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் வாங்கினார். பெயரைப் படித்தார், ஆராய்ச்சித் தலைப்பைப் படித்தார், கடைசியாகத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தார். நன்றி என்று சொல்லவில்லை. "அண்ணே, மத்தியானம் சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்டார். நான் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவருடைய பையில் தயிர்சாதம் அப்படியே இருந்தது. அவரும் பயத்தில் சாப்பிடவில்லை. படியிலேயே உட்கார்ந்து பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து போன் வந்தது. "அந்த அதிகாரி தேதிய ரெண்டு தடவ பாத்தாருண்ணே. வெள்ளிக்கிழமை தேர்வு, வெள்ளிக்கிழமையே சான்றிதழா, எப்படிம்மான்னு கேட்டாரு. எங்க ஆபீசுல ஒருத்தரு ஓடுனாரு சார்னு சொன்னேன்." இரண்டு மாதத்தில் வேலை உத்தரவு வந்தது. இப்போது அவர் ஒரு அரசுக் கல்லூரியில் இருக்கிறார். அவரிடம் இரண்டு பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள். அங்கே நடக்கும் கருத்தரங்குகளின் அறிவிப்பை எங்கள் பலகைக்கும் தபாலில் அனுப்புகிறார்.

என் வீட்டில் இப்போதும் நல்ல நேரம் பார்த்துத்தான் எல்லாம் செய்கிறோம். மூத்தவளுக்கு அப்படித்தான் கல்யாணம் வைத்தோம், நன்றாக இருக்கிறாள். அது பொய் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் பலகைக்குத் தாள் வந்தால், வந்த நிமிஷத்தில் கண்ணாடியைத் திறந்துவிடுகிறேன். குத்திய பிறகுதான் பதிவேட்டைத் தொடுகிறேன். மாணவர்களுக்கு இப்போது எல்லாச் செய்தியும் போனிலேயே வந்துவிடுகிறது. இருந்தாலும் தன் பெயர் போட்ட மஞ்சள் தாளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் போவதில்லை. அந்தப் படங்களை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

இந்த நாலு பக்கத்தை எழுதி முடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது. மடலுக்குக் கொடுக்கவேண்டிய கடைசி நாள் போன வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. நேற்று அந்த மாணவியிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதனால என்னண்ணே, கீழ வெள்ளிக்கிழமைத் தேதி போட்டுக் குடுங்க, நான் சேத்துக்கிறேன்" என்றது. நல்ல பிள்ளை. மனசு நோகக்கூடாது என்று சொல்கிறது. அடுத்த மாத மடலில் வந்தாலும் சரி, வராமலே போனாலும் எனக்குக் குறையில்லை.

எழுதி முடித்தது: ஆவணி மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை.